முழங்கால் வலிக்கு நரம்பைச் சுடும் சிகிச்சை: செய்துகொள்ளும் முன் அறிய வேண்டியவை

மூட்டு வலிக்கு நரம்பைச் சுட்டுச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். செய்யும்போது வலிக்குமா? எத்தனை மாதம் தாங்கும்? என் வலது முழங்காலுக்கு இதைச் செய்துகொண்டிருக்கிறேன். என் அண்ணன் தன் இடுப்பு முதுகுக்கு இதே வகைச் சிகிச்சை பெற்றபோது உடனிருந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். இந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. சுடப்போகும் நரம்பின் வழியாகத்தான் என் வலி வருகிறதா? அதற்கு விடை தேடித் தருவது, சுடுவதற்குச் சில நாட்கள் முன்பு போடப்படும் சோதனை ஊசி. பலரும் அதை ஒரு சடங்குபோல முடித்துவிட்டு வருகிறார்கள். எனக்கோ, சிகிச்சையின் போக்கு முழுவதும் அந்த ஊசி போட்ட நாளிலேயே தெரிந்துவிட்டது.

முழங்காலில் மூட்டுத் தேய்மானம் என்று உறுதியானபோது எனக்கு ஐம்பது வயது ஆகியிருக்கவில்லை. எடைக் குறைப்பு, தொடைத் தசைப் பயிற்சி, வலி மாத்திரை, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி என்று வழக்கமாகச் சொல்லப்படும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாகிவிட்டது. வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும், இரத்த அழுத்தமும் ஏறும் என்பதால் அவற்றை ஓர் அளவுக்கு மேல் நம்பியிருக்க முடியவில்லை. ஸ்டீராய்டு ஊசியோ சில வாரங்கள் கைகொடுத்துவிட்டுப் பலனிழந்தது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றாலும், இளம் வயதில் பொருத்தப்படும் செயற்கை மூட்டை வாழ்நாளுக்குள் மீண்டும் மாற்ற நேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சில ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தால் நல்லது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அப்படித் தள்ளிப்போடும் காலத்தை வலியில்லாமல் கடக்க ஒரு வழி உண்டு என்று வலி நிவாரண மருத்துவரிடம் அனுப்பியதும் அவர்தான்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கேட்டதும் எழுந்த அச்சம், நரம்பைச் சுட்டால் கால் விளங்காமல் போய்விடாதா என்பதே. நியாயமான அச்சம்தான், ஆனால் காலை அசைக்கும் பெரிய நரம்புகளை இதில் யாரும் தொடுவதில்லை. முழங்கால் மூட்டின் வலியை மூளைக்குக் கொண்டுசெல்பவை, மூட்டைச் சுற்றி எலும்பை ஒட்டியே ஓடும் ஜெனிக்குலர் நரம்புகள் என்ற மெல்லிய கிளைகள். மூட்டுக்கு மேலே வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, மூட்டுக்குக் கீழே உள்பக்கம் ஒன்று என மூன்றைத்தான் வழக்கமாகச் சுடுகிறார்கள். கீழே வெளிப்பக்கம் இருக்கும் கிளையை விட்டுவிடுகிறார்கள். பாதத்தை மேல்நோக்கித் தூக்க உதவும் பெரோனியல் நரம்பு அதற்கு அருகிலேயே ஓடுகிறது என்பதும், அது சேதமானால் பாதம் தொங்கிப்போகும் என்பதும் அதற்குக் காரணம். மூட்டின் பின்புறத்துக்கு வலி உணர்வு தருபவை முற்றிலும் வேறு நரம்புகள். ஆகவே இந்தச் சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்தாலும் மூட்டின் ஒரு பகுதிக்குத்தான் வலியை நிறுத்தும். இந்த ஓர் உண்மையை முதலிலேயே தெரிந்துகொண்டது பின்னாளில் எனக்குப் பெரிய ஏமாற்றத்தைத் தவிர்த்தது.

சுடுவதிலும் வகைகள் உண்டு. மெல்லிய ஊசியின் முனை வழியாக ரேடியோ அலை மின்சாரம் பாயும்போது அதைச் சுற்றியுள்ள திசு சூடாகிறது. வழக்கமான முறையில் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை ஒன்றிரண்டு நிமிடங்கள் நிலைநிறுத்துகிறார்கள்; நரம்பின் அந்தத் துண்டு செயலிழக்கிறது. குளிரூட்டப்பட்ட ரேடியோ அலை முறையில் ஊசிக்குள்ளேயே நீர் சுழன்றுகொண்டிருப்பதால் முனை 60 டிகிரி அளவிலேயே இருக்கும். முனையை ஒட்டிய திசு கருகாமல் இருப்பதால் வெப்பம் இன்னும் விரிவாகப் பரவிப் பெரிய பகுதியைச் சுடுகிறது. நரம்பு ஓடும் இடம் ஆளுக்கு ஆள் சற்று மாறும் என்பதால் இந்த விரிவு பயன்படுகிறது. முழங்கால் தேய்மான வலிக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் அனுமதி அளித்தது. இவற்றிலிருந்து வேறுபட்டது, விட்டு விட்டுப் பாய்ச்சும் பல்ஸ்டு முறை. அதில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டாது, நரம்பு அழிவதும் இல்லை. தோள்பட்டைக்குப் பெரும்பாலும் இதையே நாடுகிறார்கள், ஏனென்றால் அங்கு வலியைக் கொண்டுசெல்லும் சூப்ராஸ்கேப்புலர் நரம்பு தோள் தசைகளையும் இயக்குகிறது. உறையவைக்கும் குளிரால் நரம்பை அடக்கும் முறையும் இருக்கிறது. ஃபீனால், ஆல்கஹால் போன்ற திரவங்களைச் செலுத்தி நரம்பை அழிப்பது பழைய வழி. திரவம் எங்கே பரவும் என்பதைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பதால் அதைப் பெரும்பாலும் புற்றுநோய் வலி போன்ற நிலைகளுக்கே ஒதுக்கிவைக்கிறார்கள். மருத்துவர் ‘ஆர்.எஃப்.’ (ரேடியோ அலைச் சிகிச்சை) என்று மட்டும் சொன்னால், சுடும் வகையா, சுடாத வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பலனும் பக்க விளைவும் வேறு வேறு.

இனிச் சோதனை ஊசிக்கு வருகிறேன். சுட வேண்டிய அதே மூன்று இடங்களில், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, மரத்துப்போகச் செய்யும் மருந்தை மிகச் சிறிய அளவில் செலுத்துகிறார்கள். அளவு சிறியதாக இருப்பது முக்கியம். அதிகமாகச் செலுத்தினால் மருந்து பக்கத்து நரம்புகளுக்கும் பரவி, பலன் எந்த நரம்பால் வந்தது என்பதே தெரியாமல் போய்விடும். ஊசி போட்டு எழுந்ததும் மருத்துவர் என்னிடம் சொன்னார்: "வீட்டுக்குப் போய்ப் படுத்துடாதீங்கம்மா. எதைச் செஞ்சா உங்களுக்கு வலிக்குமோ, அதையெல்லாம் இன்னைக்குச் செஞ்சு பாருங்க. மணிக்கு ஒரு தடவை எழுதி வைங்க."

அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டேன். என் வலியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் படித்தாலும் விளங்கும்படி எழுத வேண்டும் என்பதற்காக, ‘பரவாயில்லை’, ‘கொஞ்சம் தேவலை’ போன்ற சொற்களைத் தவிர்த்தேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும்போது, மாடிப்படி ஏறும்போது, இறங்கும்போது, தரையில் உட்கார்ந்து எழும்போது என நான்கு செயல்களை முன்கூட்டியே குறித்து, ஊசிக்கு முன்பும் பின்பும் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட்டேன். படி இறங்கும்போது முட்டியின் உள்பக்கத்தில் கத்தியால் கீறுவதுபோல வரும் வலி கிட்டத்தட்ட மறைந்திருந்தது. தரையிலிருந்து எழும்போது முட்டிக்குப் பின்னால் இழுக்கும் வலியில் எந்த மாற்றமும் இல்லை. மருந்தின் வேகம் தணிந்த மாலையில் உள்பக்க வலி பழையபடி திரும்பியது. அந்தத் தாளைப் பார்த்ததும் மருத்துவர் விளக்கினார்: உள்பக்க வலி அந்த நரம்புகளின் வழியாக வருகிறது, சுட்டால் அடங்கும், பின்பக்க வலி அவற்றின் வழியாக வரவில்லை, சுட்ட பிறகும் இருக்கும். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது அன்றே எழுத்தில் வந்துவிட்டது.

முழங்காலைப் பொறுத்தவரை இந்தச் சோதனை தேவைதானா என்று மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலி பாதியாகக் குறைந்தால் போதும் என்ற அளவுகோலை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்ததால் சிகிச்சையின் வெற்றி கூடவில்லை என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் சிலர் சோதனை ஊசியை விட்டுவிட்டு நேரே சுடுகிறார்கள். நோயாளியின் பக்கமிருந்து பார்க்கும்போது, வெற்றி விழுக்காட்டைக் கூட்டுகிறதா என்பது மட்டுமே கணக்காகாது. எந்த வலி போகும், எந்த வலி மிஞ்சும் என்பதை, எதையும் அழிக்காமல், சில மணி நேரத்தில் காட்டிவிடும் ஒன்றை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதுகுத்தண்டின் சிறு மூட்டுகளுக்குச் சுடும்போது இந்தச் சோதனை இன்னும் அவசியமாகிறது. அங்கே ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு நரம்புக் கிளைகள் வருகின்றன. எந்த மூட்டு வலிக்கிறது என்பதை ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் வலியே இல்லாதவர்களின் படத்திலும் தேய்மானம் தெரியும். கண்டிப்பான முறையில், வெவ்வேறு நாட்களில் இருமுறை ஊசி போடுகிறார்கள். ஒருமுறை ஓரிரு மணி நேரமே வேலை செய்யும் லிடோகெய்ன், மறுமுறை அதைவிட நீண்ட நேரம் நிற்கும் பியூபிவகெய்ன். வலி அடங்கும் நேரமும் மருந்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அண்ணனுக்கு ஒரே ஒருமுறைதான் போட்டார்கள், அதுவும் தூக்க மருந்து கொடுத்து. மயக்கம் தெளியாமல் மதியம் வரை படுத்திருந்தவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "இப்போ வலி தெரியலைங்க" என்றார். அசையாமல் படுத்திருந்தால் அவருக்கு எப்போதுமே வலி தெரியாது. அந்தப் பதிலை வைத்து நரம்புகளைச் சுட்டார்கள். மாதங்கள் கழிந்தும் மாற்றம் இல்லை. பிறகு வேறொரு மருத்துவர் நிதானமாகப் பரிசோதித்தபோது, வலியின் பெரும்பகுதி இடுப்பு மூட்டிலிருந்து வருவது தெரிந்தது. அண்ணன் பட்ட அலைச்சலை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. ஒரு நாள் முழுதாக நடமாடிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம்.

நெதர்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான மூன்று ஆய்வுகளும் எச்சரிக்கையாகவே இருக்கச் சொல்கின்றன. நாள்பட்ட இடுப்பு முதுகு வலி உள்ள 681 பேரில், உடற்பயிற்சியோடு நரம்பைச் சுட்டுக்கொண்டவர்களுக்கும் உடற்பயிற்சி மட்டுமே செய்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதமும் சுட்ட விதமும் சரியில்லை என்று அந்த ஆய்வுகள்மீது விமரிசனம் எழுந்தது; சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதையே அந்த விமரிசனமும் உறுதிசெய்கிறது. முழங்காலுக்குக் கிடைத்த முடிவுகள் ஒப்பீட்டளவில் நம்பிக்கை தருபவை. 2011-இல் கொரியாவில் 38 பேரிடம் நடத்திய ஆய்வில், உண்மையில் சுடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 12 வாரங்களில் வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது; சுடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் ஒருவருக்கும் அப்படிக் குறையவில்லை. 2018-இல், குளிரூட்டப்பட்ட முறையை ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில் சுட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு வலி பாதியாகக் குறைந்திருந்தது. மீதமுள்ள நான்கில் ஒருவருக்கு அவ்வளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சுடும் நாளில் பெரிதாக அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. மல்லாந்து படுக்கவைத்து, முட்டியின் கீழே தலையணை கொடுத்து, தொடையில் ஓர் ஒட்டுத் தகட்டை ஒட்டினார்கள். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி அது. தோல் மரத்ததும் ஊசிகள் எலும்பைத் தொடும்வரை இறங்கின. அதன் பிறகு நடந்ததுதான் நோயாளி கவனமாக ஒத்துழைக்க வேண்டிய கட்டம். முதலில் வேகமான துடிப்புள்ள மெல்லிய மின்சாரம் கொடுத்து, வழக்கமாக வலிக்கும் இடத்தில் குறுகுறுப்பு தெரிகிறதா என்று கேட்டார் மருத்துவர். அடுத்து மெதுவான துடிப்பைக் கூட்டிக்கொண்டே போய், "பாதமோ விரலோ துள்ளுதாம்மா? லேசாத் துள்ளினாலும் சொல்லுங்க" என்றார். பாதம் துள்ளினால், காலை அசைக்கும் நரம்புக்குப் பக்கத்தில் ஊசி இருக்கிறது என்று பொருள். அதே இடத்தில் சுடக் கூடாது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லும் நிலையில் நாம் விழித்திருக்க வேண்டும் என்பதால், ஆழ்ந்த மயக்கம் கேட்டு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். சுடும்போது ஆழத்தில் ஒரு சூடான அழுத்தம் தெரிந்தது. மேல் உள்பக்க நரம்பில் மட்டும் சில நொடிகள் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. சிறிது நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அன்றே அனுப்பிவிட்டார்கள்.

எதிர்பார்க்க வேண்டியது அதற்குப் பின் வரும் இரண்டு மூன்று வாரங்களை. சுடப்பட்ட நரம்பு எரிச்சலடைந்து, பழைய வலியோடு புதிய எரிவும் சேர்ந்துகொள்ளும். முட்டியின் உள்பக்கத் தோலில் வெயிலில் வெந்துபோனதுபோல ஓர் எரிச்சல். ஆடை உரசினாலே சகிக்கவில்லை. இது வரும் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்; சொல்லப்படாதவர்கள் சிகிச்சை தோற்றுவிட்டது என்று மனமுடைந்துபோகிறார்கள். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் உதவியது. வெந்நீர் ஒத்தடத்தை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்தேன், ஏனென்றால் உள்ளங்கை அளவுக்குத் தோல் மரத்திருந்தது. மரத்த தோலில் சூடு வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்த மரப்பு சில வாரங்களில் தானே சுருங்கி மறைந்தது. காய்ச்சல், ஊசி இறங்கிய இடத்தில் சிவந்து வீங்குவது, முட்டி திடீரென இரத்தம் கட்டிப் பெருப்பது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகியவை வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், எரிச்சலைத் தணிக்க ஸ்டீராய்டும் சேர்த்துப் போடப்பட்டதா என்று கேட்டுக்கொண்டு, அடுத்த சில நாட்கள் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒன்று ஆவதற்குள் உள்பக்க வலி தணியத் தொடங்கியது. ஒரு நாள் காலை, கைப்பிடியைப் பற்றாமலே பாதிப் படி இறங்கிவிட்டதைப் பாதி வழியில்தான் உணர்ந்தேன். பின்பக்க இழுப்பு, தாளில் எழுதியபடியே, மிஞ்சியிருந்தது.

வலி அடங்கினாலும் மூட்டு சரியாகிவிடவில்லை. குருத்தெலும்பு தேய்ந்தது தேய்ந்ததுதான். வலியில்லாத காலத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில்தான் மிச்சப் பலன் இருக்கிறது. முட்டி வலிக்கும்வரை தொடையின் முன்பக்கத் தசை முழு வேகத்தில் இறுக மறுக்கும். மூட்டைக் காக்க உடல் தானாகவே அதைத் தடுத்துவைக்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்படித் தடுக்கப்பட்டு என் வலது தொடை இடது தொடையைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. முன்பு பாதியில் நிறுத்திய பயிற்சிகளை இப்போது முழுதாகச் செய்ய முடிந்தது: உட்கார்ந்தபடி காலை நீட்டி நிறுத்துவது, சுவரில் முதுகைச் சாய்த்து மெல்ல இறங்கி ஏறுவது, பிறகு ஒரு படி உயரத்தில் ஏறி இறங்குவது. ஃபிசியோதெரபி நிபுணர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்: "வலி இல்லைங்கிறதுக்காக ஓடாதீங்கக்கா. மறுநாள் முட்டி வீங்கியிருக்கான்னு பாருங்க. வீங்கினா முந்தின நாள் அதிகமாச் செஞ்சிட்டீங்கன்னு அர்த்தம்." வலி எச்சரிக்காத மூட்டுக்கு வீக்கமே எச்சரிக்கை. உணர்வு முற்றிலும் அற்றுப்போன மூட்டுகள் சிதைந்துபோவதை நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களில் காணலாம். இந்தச் சிகிச்சையில் சில கிளைகள் மட்டுமே சுடப்படுவதால் அந்த நிலை வருவதில்லை என்றாலும், அளவு மீறாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

சுடப்பட்ட நரம்பு மீண்டும் வளரும். புற நரம்புகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளர்கின்றன. பலன் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிற்பதும், சிலருக்கு அதைத் தாண்டுவதும் அதனால்தான். திரும்ப வளர்ந்தால் திரும்பச் சுடலாம். பின்னர் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்வதற்கும் இது தடையாவதில்லை.

பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியிருப்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ரேடியோ அலை மின்சாரம் அதன் இயக்கத்தைக் குழப்பக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. ஜெனிக்குலர் நரம்புகளின் கூடவே இரத்தக் குழாய்களும் ஓடுவதால் இதை அலட்சியப்படுத்த முடியாது. உடலில் எங்கேனும் கிருமித் தொற்று இருந்தாலோ கருவுற்றிருந்தாலோ தள்ளிப்போடுவார்கள்.

எனக்கு இப்போது வலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. தொடை பலப்பட்டிருப்பதால் முன்பிருந்த கடுமை இல்லை. மறுபடி சுடலாமா என்று கேட்டபோது, முதலில் புதிய எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொன்னார் வலி மருத்துவர். தேய்மானம் சற்றே கூடியிருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு இன்னும் அவசரமில்லை என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் முட்டிக்குப் பின்னால் இழுக்கும் வலி முன்பைவிடக் கூடியிருப்பதால், முன்பக்க நரம்புகளைச் சுடுவது இந்த முறையும் அதே அளவு உதவுமா என்பது உறுதியில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு சோதனை ஊசிக்குத் தேதி வாங்கியிருக்கிறேன். பழைய தாளில் உள்ள அதே நான்கு செயல்களோடு, நீண்ட நேரம் நின்றுவிட்டு நடப்பதையும் ஐந்தாவதாகச் சேர்த்திருக்கிறேன்.